எதிர்வீட்டுக் குழம்பு

பூமிக் கணக்கில் 2214ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, காலை ஆறு மணிக்கு, செவ்வாய்க் கோளின் முத்துநகர் குடியேற்றத்தில் எல்லா வீடுகளின் முன்சுவர்களும் கண்ணாடியாயின.

நான்காம் தெருவில் ஜெபக்கனி அப்போது தலைவாரிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சுவர் வெளுத்து, பாலாடைபோல் மங்கி, பிறகு சுவரே இல்லாததுபோல் தெளிந்தது. அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரரும் பார்த்தார். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். தெரு நெடுக இதேதான் நடந்தது. பிறகு எல்லோரும் பார்க்காததுபோல் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதற்குத் தெளிநாட்கள் என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடங்கிப் பொங்கலோடு முடியும். குடியேற்றத்துக்கே சோறு போடும் பனிச்சுரங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பழுதுபார்ப்புக்காக மூடப்படும் காலம் அது. முதல் தலைமுறைக்கு இந்த விடுமுறை ஒத்துக்கொள்ளவில்லை. வேலை இருந்தவரை நன்றாக இருந்தவர்கள், விடுமுறை விட்டதும் படுக்கையில் சுருண்டுகொண்டார்கள். தட்டில் வைத்ததைத் தொடவில்லை. மருத்துவர்கள் அதற்கு விடுப்புச் சோர்வு என்று பெயர் வைத்தார்கள். மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் நிர்வாகம் மின்சாரம் பாய்ச்சினால் தெளியும் சுவர்களைப் பொருத்தியது. அடுத்த வீட்டில் ஒருவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போடுவதைப் பார்த்த பிறகு யாராலும் படுத்துக்கிடக்க முடியவில்லை. ஒரே ஆண்டில் நோய் போய்விட்டது.

விதிகள் எளியவை. முன்னறையில்தான் சாப்பிட வேண்டும், முன்னறையில்தான் ஓய்வெடுக்க வேண்டும். படுக்கையறையும் குளியலறையும் மறைவாகவே இருக்கும். சுவர் வழியே சத்தம் வராது, வாசனை வராது. விடுமுறை முடியும்வரை யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. இந்தக் கடைசி விதியை யார் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதைத்தான் எல்லோரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

ஜெபக்கனி காற்றுச் சல்லடை பழுதுபார்ப்பவள். ஆண்டு முழுவதும் சிவப்புத் தூசியைத் தட்டி, தட்டிய தூசியை இருமி, இந்த நாட்களுக்காகக் காத்திருந்தாள். இந்த முறை காத்திருப்புக்குப் பொருள் இருந்தது. தொட்டிப் பண்ணையின் குலுக்கலில் அவளுக்கு இறால் விழுந்திருந்தது. அதைவிடப் பெரிது, நூலகத்தில் அவளுடைய முறை வந்திருந்தது. முத்துநகரில் காகிதம் என்பது பசுங்கூடத்து வைக்கோலிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்வது. அதில் சில நாவல்களை மட்டும் அச்சிட்டு, விடுமுறைக்கு மட்டும், முறை வைத்துக் கொடுப்பார்கள். திரையில் படிக்க நூறாயிரம் நூல்கள் கிடந்தன. திரையில்தான் அவள் நாளெல்லாம் சல்லடை அளவுகளையும் படித்தாள். இது வேறு. கையில் கனக்கிற, புரட்டினால் சலசலக்கிற புத்தகம். இதைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை வருவதற்குள் அவளுக்கு ஐம்பது கடந்துவிடும்.

நன்றாகச் சமைத்து, நிதானமாகச் சாப்பிட்டு, சாய்ந்து உட்கார்ந்து அந்த நாவலைக் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்காரர் பெயர் கிருபாகரன். போன தெளிநாட்கள் முடிந்த பிறகு குடிவந்தவர். தனி ஆள். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், காதோரம் மட்டும் நரை. ஆவணப் பிரிவில் வேலை என்று சொன்னார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் புன்னகை செய்வார், நின்று பேசியதில்லை.

முதல் நாள் மதியம் ஜெபக்கனி இறாலில் பாதியை எடுத்துத் தொக்கு வைத்தாள். இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் கொதிக்கும் மசாலாவில் குமிழ்கள் எலுமிச்சை அளவுக்கு எழும்பி, யோசித்து, உடையும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே அவளுக்குப் பிடிக்கும். தட்டோடு முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனவள், எதிரே பார்த்தாள்.

கிருபாகரன் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரம்பு நாற்காலி. மடியில் தடித்த புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. பக்கத்து முக்காலியில் தட்டு. ஒரு துண்டு மீனைப் பிட்டு, குழம்பில் ஒற்றி, சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு, ஏதோ பழைய சேதி ஒன்று ஞாபகம் வந்ததுபோல், தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தார்.

ஜெபக்கனி தன் கவளத்தை விழுங்கினாள். உப்பும் காரமும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"என்னட்டி, எறா வேகலையா?" என்றான் அவள் கணவன் தவமணி. நீரேற்று நிலையத்தில் வேலை பார்ப்பவன். விடுமுறை நாட்களில் அவன் செய்யும் ஒரே முயற்சி மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்வது.

"வெந்திருக்கு."

"பொறவு ஏன் மூஞ்சி அப்பிடிப் போவுது?"

"எதிர்ல பாருங்க. நேராப் பாக்காதிய. ஓரமாப் பாருங்க."

தவமணி ஓரமாகப் பார்த்தான். "மீன் திங்காரு."

"எப்பிடித் திங்காரு?"

"வாயாலதான்."

எதிரே கிருபாகரன் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு வரி போயிருக்கும். திடீரென்று சிரித்தார். சத்தம் கேட்காத அந்தச் சிரிப்பில் அவருடைய தோள்கள் குலுங்கின. படித்த வரிக்கே திரும்பப் போய், இன்னொரு முறை படித்துச் சிரித்தார். பிறகு இன்னொரு துண்டு மீன்.

சாப்பிட்டு முடித்து ஜெபக்கனி நாவலைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். குனிந்தாள். குடும்பம் இன்னும் காத்திருந்தது. மாலைவரை அந்தக் கப்பல் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். நாற்காலியை இழுத்து, எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் தெரியும்படி போட்டாள். முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்து மக்ரூன் சுட்டு, கூம்பு கூம்பாகக் கண்ணாடித் தட்டில் அடுக்கினாள். ஒன்றை எடுத்து நுனியைக் கடித்து, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு புத்தகத்தைக் கைக்கு வந்த பக்கத்தில் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

தவமணி எட்டிப் பார்த்தான். அவன் ஏற்கெனவே காலையில் அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பகுதியைப் படித்திருந்தான்.

"ஏளா, அந்த எடத்துல கெழவருல்லா செத்துப்போறாரு. நீ என்ன சிரிக்க?"

"நீங்க ஏன் என் புஸ்தகத்தத் தொட்டிய?"

"சும்மா கெடந்துது."

"சும்மா ஒண்ணும் கெடக்கல. நான் படிச்சிட்டிருக்கேன்."

"எங்க படிக்க? பக்கத்துக்கு ஒரு தடவை எதிர்வீட்ட எட்டிப் பாக்க. அந்த மனுசன் கூச்சத்துல சுருங்கிறப் போறாரு."

கிருபாகரன் சுருங்கவில்லை. அவருக்கு அன்று கறி. எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்த விதத்தை ஜெபக்கனி மூச்சுவிடாமல் பார்த்தாள். அவரிடமிருந்து எதையாவது பறித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. அவருக்கு அது அவ்வளவு நன்றாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். கறிச்சாறு வழியும் வலது கையாலேயே கிருபாகரன் பக்கத்தைப் புரட்டினார். சாப்பிடும் கையால். புரட்டிவிட்டு அதே கையால் மறுபடி சோற்றைப் பிசைந்தார். ஜெபக்கனி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். புரண்ட தாளின் ஓரம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. ஒரு சொட்டு மஞ்சள் இல்லை.

தன் நாவலை அவள் எடுத்துப் பார்த்தாள். முதல் நாள் கை கழுவிய பிறகும் அவள் விரலில் மிஞ்சியிருந்த தொக்கு எண்ணெயை வைக்கோல் தாள் உறிஞ்சி, சிவப்பு ரேகையைப் பிடித்து வைத்திருந்தது.

"பாத்தியளா?" என்றாள். "அவருக்கு மட்டும் கறை புடிக்காத தாள்ல அச்சடிச்சுக் குடுத்திருக்காவ."

"இருக்காதுட்டி."

"நான் கண்ணால பாத்தேன். நமக்கெல்லாம் வைக்கோலு. அவருக்கு எங்கயிருந்தோ வரவழைச்ச தாளு. மீனு, கறி, புஸ்தகம், எல்லாமே அவருக்கு வேற. ஆவணப் பிரிவுல்லா, ஆளப் புடிச்சிருப்பாரு. நான் போயிக் கேக்கப்போறேன்."

"விடுமுறைல போயி யாருட்டயாவது சண்ட போடுவாங்களா? உக்காந்து மக்ரூனத் தின்னு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தவமணி அவள் போன திசையைப் பார்த்தான். பிறகு நாவலை எடுத்து, தான் விட்ட இடத்தைத் தேடிப் பிரித்து, மக்ரூன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

விடுமுறை அலுவலகத்தில் சபுரா பேகம் மட்டும் இருந்தாள். முப்பது வயதுக்காரி, தெளிநாட்களின் பொறுப்பாளர். அலுவலகத்துக்கும் கண்ணாடிச் சுவர்தான் என்பதால் அவளும் எதையாவது ரசித்தபடி இருக்க வேண்டும். மேஜையில் ஒரு கிண்ணம் பாயசம் ஆடை படிந்து கிடந்தது.

ஜெபக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். மீனைச் சொன்னபோது சபுரா தலையாட்டினாள். சிரிப்பைச் சொன்னபோது குறித்துக்கொண்டாள். தாளைச் சொன்னபோது பேனா நின்றது.

"சாப்பிடுற கையாலயா புரட்டுனாரு?"

"அந்தக் கையாலயேதான்."

"எடது கை சும்மா இருந்துச்சா?"

"நாக்காலிக் கைமேல இருந்துது."

சபுரா பேனாவை மூடினாள். எழுந்து போய்ச் சுவரின் விசையைத் தட்டினாள். அலுவலகச் சுவர் மங்கிச் சாம்பலாகியது. தெளிநாட்களில் ஒரு சுவர் மூடிக்கொள்வதை ஜெபக்கனி அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, இத வெளிய சொல்லக் கூடாது. கண்டுபிடிச்சவங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னு இருக்கு. இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல." அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "கிருபாகரன் ஆளு இல்ல. நிகரி."

நிகரி என்றால் மனித உருவில் செய்த எந்திரம். சுரங்கத்தில் அவை வேலை செய்தன. தெருவில் குடியிருந்து ஜெபக்கனி பார்த்ததில்லை; பார்த்ததாக நினைத்ததில்லை.

சுவரைத் தெளிய வைத்தது சில ஆண்டுகள்தான் பலித்ததாம். பிறகு எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். யாரும் ரசித்துச் சாப்பிடவில்லை, ஆகவே பார்க்கவும் ஒன்றுமில்லை. தெருவுக்கு ஒருவராவது உண்மையாக அனுபவிக்க வேண்டியிருந்தது. மனிதர்களில் அப்படி ஒருவரைத் தேடிச் சலித்து, நிர்வாகம் பூமியில் ஒரு நிறுவனத்திடம் ரசிக்கும் நிகரிகளைச் செய்யச் சொன்னது. அவற்றுக்கு நாக்கு கிடையாது. விழுங்குவது ஒரு பைக்குள் போய், சாயங்காலம் உரத்தொட்டிக்குப் போகும். கண் எழுத்தின்மேல் ஊரும், படிக்காது. சிரிப்பு எப்போது வர வேண்டும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும்.

"கையில எண்ணெ ஒட்டாத பூச்சு இருக்கு. அதான் தாள்ல கறை இல்ல. செஞ்சவங்க கரண்டியால சாப்பிடுற ஊர்க்காரங்க. சாப்பிடுற கையால புஸ்தகத்தத் தொடமாட்டோம்னு அவங்களுக்கு யாரும் சொல்லல போல. நாங்களும் கவனிக்கல." சபுராவுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கோங்க அக்கா."

ஜெபக்கனி பாயசக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள்.

"மீனு?"

"மீன் நெசந்தான். பிளாஸ்டிக்னா தெரிஞ்சிடும்."

"எல்லாத் தெருவுலயும் உண்டா?"

"எல்லாத் தெருவுலயும்."

"மூணாம் தெருவுல யாரு?"

சபுரா தயங்கினாள். "அங்க ரெண்டு பேரு. புருசன் பொஞ்சாதி மாதிரி. ஊட்டி விட்டுக்குவாங்க. படிச்சத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. இந்த வருசம் வந்த புது வகை."

"புது வகை."

"ஆமாக்கா."

"அப்போ மூணாம் தெருக்காரங்களுக்குப் புது வகையா ரெண்டு. எங்களுக்கு மட்டும் பழசா ஒண்ணு." ஜெபக்கனியின் கண் கலங்கிவிட்டது. "நாங்க என்ன கொறஞ்சவங்களா?"

கண்டுபிடித்தவர்களுக்கு நிர்வாகம் தரச் சொல்லியிருந்த ஒரு சலுகை சபுராவுக்கு ஞாபகம் வந்தது, அதைச் சொன்னாள். ஜெபக்கனி விரும்பினால் மீதி நாட்களுக்கு அவள் வீட்டுச் சுவரை மூடிவிடலாம். அவளும் யாரையும் பார்க்க வேண்டாம், யாரும் அவளைப் பார்க்கவும் மாட்டார்கள். நிம்மதியாகச் சாப்பிடலாம், படிக்கலாம்.

"அதுதான எனக்கு வேணும்" என்றாள் ஜெபக்கனி.

அன்று மாலையே சுவர் மூடியது. அவள் மீதி இறாலை எடுத்தாள். தேங்காய் முத்துநகரில் விளையாது. அதற்குப் பதிலாகப் பயன்படுத்தும் காளான் பாலை ஊற்றிக் குழம்பு வைத்தாள். தவமணியிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாச் செஞ்சிருக்கானுவ, என்ன" என்று மட்டும் சொன்னான்.

இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு வாய் வைத்தாள். நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. இறால் பல்லில் மெத்தென்று நசுங்கி இனித்தது.

"நல்லாருக்கு" என்றாள்.

"ம்."

"நல்லாருக்குல்லா?"

"அதான் ம்-னு சொன்னம்லா."

அவள் இன்னொரு வாய் வைத்தாள். சாம்பல் சுவரைப் பார்த்தாள். கழுவித் துடைத்ததுபோல் ஒன்றுமே இல்லாத சுவர்.

"இப்ப அவரு என்ன செஞ்சிட்டிருப்பாரு?"

"அது மெசினுட்டி."

"மெசினுதான், தெரியும். ஆனா தெரு முழுக்கத் தெறந்து கெடக்கு, நம்ம வீடு மட்டும் பூட்டிக் கெடக்கு. வாரவ போறவ என்ன நெனப்பா? வீட்ல ஒண்ணும் ஆக்கலன்னு நெனப்பா. புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்டைன்னு நெனப்பா."

"நெனச்சிட்டுப் போட்டும். எறா ஆறுது."

"புஸ்தகம் முறை வந்திருக்கதே அவளுகளுக்குத் தெரியாது."

தவமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீ அதப் படி முதல்ல. நான் முடிச்சிட்டேன். முடிவச் சொல்லட்டுமா?"

"சொல்லாதிய. நான் படிக்கத்தான் போறேன்."

அவள் புத்தகத்தைத் திறந்தாள். துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டது. குடும்பம் ஏறியது. நல்ல எழுத்து. அடுத்த பத்தியில் ஒரு வரி அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது, நிஜமான சிரிப்பு. சிரித்தவள் பழக்கத்தில் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வீணாய்ப்போனதுபோல் இருந்தது அவளுக்கு.

எழுந்து கை கழுவினாள். பட்டுச்சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். விடுமுறை அலுவலகத்தை அழைத்தாள்.

"சபுராம்மா, நான்தான். அந்தச் சுவரத் தெறந்து விட்ரும்மா."

"ஏங்கா, ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல. வீட்டுக்குள்ள ஒரு மாதிரி புழுங்குது."

முத்துநகரின் வீடுகளில் வெப்பநிலை ஒரே அளவில் இருக்கும். சபுரா அதைச் சொல்லவில்லை. சுவர் தெளிந்தது. எதிரே கிருபாகரன் ஏதோ ஒரு பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். ஜெபக்கனி நாற்காலியைப் பழைய கோணத்துக்குத் திருப்பினாள், ஆறிப்போன குழம்பில் ஓர் இறாலை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தி, வாயில் வைத்து, கண்ணை மூடினாள்.

பொங்கல் வரை அப்படித்தான் போயிற்று. அவளுக்கு அவர் எந்திரம் என்பது ஒவ்வொரு கவளத்திலும் நினைவிருந்தது. அவர் மீனைப் பிட்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு அது அவ்வளவு நன்றாக இருக்கக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

முத்துநகரில் சாப்பாட்டுத் தட்டுகள் எடை பார்க்கும். எந்த வீட்டில் எவ்வளவு மிச்சம் என்பது நிர்வாகத்துக்குப் போகும். ஜனவரிக் கடைசியில் சபுரா நான்காம் தெருவின் எடைகளைப் பார்த்தாள். ஜெபக்கனியின் வீட்டைப் பார்க்க முடிகிற வீடுகளில் முந்தைய எந்த ஆண்டையும்விட அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். கிருபாகரனை மட்டும் பார்க்க முடிகிற வீடுகளில் மாற்றமில்லை. அதே வாரம் அந்தத் தெருவிலிருந்து மூன்று புகார்கள் வந்தன. மூன்றும் ஜெபக்கனிக்கு மட்டும் ஏன் இறால், ஏன் புத்தகம், அவள் அப்படி என்ன உசத்தி என்று கேட்டிருந்தன.

நாவல் உரிய தேதியில் நூலகத்துக்குத் திரும்பியது. அதை அவள் இருபத்தெட்டாம் பக்கம்வரை படித்திருந்தாள்.

2215ஆம் ஆண்டுத் தெளிநாட்களுக்கு நான்காம் தெருவில் நிகரி வைக்கப்படவில்லை. கிருபாகரன் ஆறாம் தெருவுக்கு மாற்றப்பட்டார்.